கனுப் பிடியும் கடற்கரைக் குஞ்சுகளும்

1

எடமலைப்பட்டி புதூரில் ராஜி டீச்சரிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு, டீச்சரின் தம்பி சீனிவாசன் எழுதுவது.

பொங்கலன்று காலையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட நீங்கள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தீர்கள். இங்கே நியூசிலாந்தில் எனக்கு அப்போது சாயங்காலம். அக்கா உங்களை ஒவ்வொருவராக வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா போனுக்குள் நுழைந்துவிடுகிற மாதிரி முகத்தைக் கொண்டுவந்து, "அங்கிள், நீங்க அங்க பறவைக்கு வாட்ச்மேனாமே, நிஜமாவா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நஸ்ரின், "விசில் குடுத்திருக்காங்களா அங்கிள்?" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், "சம்பளம் எவ்ளோ?" என்றது. அது யார் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அக்கா பேசினாள். "டேய் சீனு, குழந்தைங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட்டுடாதே. பொறுமையா எழுதி அனுப்பு. இதுகளுக்கும் சத்தமா வாசிச்சுப் பழகின மாதிரி இருக்கும்."

நான் ஐ.டி.ஐ. படித்தவன். கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன். பிழை இருந்தால் டீச்சர் திருத்துவாள், அது அவளுக்குப் பிடித்த வேலைதான்.

முதலில் உங்கள் கேள்விகளுக்குப் பதில். வாட்ச்மேன் வேலை என்று சொல்லலாம், தப்பில்லை. விசில் கிடையாது. பறவை பயப்படும். சம்பளமும் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஒரு மேல்சட்டை கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

2

கோதைக்கு இரண்டு வயது இருக்கும்போது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். கோதை என் மகள். இப்போது அவளுக்குப் பதினைந்து நடக்கிறது. அவளுக்குக் கீழே முகுந்த், இங்கே பிறந்தவன், எட்டு வயது. என் மனைவி பத்மா ஸ்ரீரங்கத்துக்காரி. நான் இங்கே பால் பவுடர் செய்யும் ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். பம்பு, வால்வு, பெல்ட் ஓடாமல் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஊர் சின்னது. ஒரு ஓடை வந்து கடலில் சேருகிற இடத்தில் மணல்திட்டும் சதுப்பும் சேர்ந்து ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது.

அந்த மணலில் முட்டையிடும் ஒரு சின்னப் பறவைக்கு இங்கே டாட்டரல் என்று பெயர். நம் ஊர் உப்புக்கொத்திக்குச் சொந்தம். உப்புக்கொத்தியை நீங்கள் கொள்ளிடத்தில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓரமாகக் குடுகுடுவென்று ஓடும், யாரோ கூப்பிட்டது போலச் சட்டென்று நிற்கும், மறுபடியும் ஓடும். ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டுக்கு லீவுக்குப் போனால் நாங்கள் கொள்ளிட மணலில்தான் கிரிக்கெட் ஆடுவோம். பந்து உருள்கிறதா, குருவி ஓடுகிறதா என்று தூரத்திலிருந்து குழப்பமாக இருக்கும். அதற்கு மேல் அந்தப் பறவையைப் பற்றி நான் யோசித்ததில்லை.

இந்த டாட்டரல் கூடு கட்டாது. மணலைக் காலால் கொஞ்சம் குழித்து அதிலேயே முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். இந்த நாட்டில் முன்பு எலி, பூனை, முள்ளெலி எதுவும் கிடையாதாம். எல்லாம் மனிதர்களோடு கப்பலில் வந்தவை. அதனால் இந்தப் பறவைக்குத் தரையில் முட்டையிடுவதில் பயமே இல்லை. இப்போது பயப்பட வேண்டியிருக்கிறது, ஆனால் அது அதற்குத் தெரியவில்லை.

கோதை பள்ளியில் யாரோ சொல்லி அந்தச் சரணாலயத்தில் தொண்டு செய்யப் பெயர் கொடுத்தாள். பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. "நீங்க கார்லயே உக்காந்திருக்கலாம்ப்பா, இறங்க வேண்டாம்," என்றாள். அப்படித்தான் போனேன். அவர்கள் என்னை இறங்கச் சொன்னார்கள். இறங்குவதற்கு முன் ஒரு விண்ணப்பம். நான் குற்றவாளி இல்லை என்று போலீஸ் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினேன். அதிலிருந்து அங்கே என்னை எல்லோரும் ராகவன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் அப்பா கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், சட்டையில் மடிப்புக் கலையாதவர். இங்கே கடற்கரையில் அவர் பெயரைச் சொல்லி, ராகவன், இந்தப் பக்கம் களை பிடுங்கு என்கிறார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். "நன்னாப் பிடுங்கு, என் பேரைக் கெடுத்துடாதே" என்றார்.

3

என்ன வேலை என்று சொல்கிறேன்.

குளிர்காலத்தில் மணலைப் பிடித்து நிறுத்துகிற ஒரு வகைப் புல்லை வரிசையாக நடுவோம். மஞ்சள் பூப் பூக்கிற ஒரு செடி எங்கும் மண்டி, பறவை உட்காரும் வெட்ட வெளியை அடைத்துவிடும். அதைப் பிடுங்குவோம். முட்டையிடும் காலம் தொடங்கினால் மணல்திட்டைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவோம். கம்பு நடுவது, கயிறு இழுத்துக் கட்டுவது இரண்டும் என் பொறுப்பு. கயிறு தொய்ந்தால் ஜனங்கள் தாண்டிவிடுவார்கள், விறைப்பாக இருந்தால் நின்று யோசிப்பார்கள்.

கோதைக்கு வேறு வேலை. பறவையின் காலில் வண்ண வளையங்கள் போட்டிருக்கும். தொலைநோக்கியில் அதைப் படிக்க வேண்டும். இடது காலில் சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை, வலது காலில் உலோகம் என்று சொல்வாள். மார்கரெட் எழுதிக்கொள்வார். மார்கரெட்தான் அங்கே எங்களுக்குத் தலைவி. ஓய்வுபெற்ற நர்ஸ், அதட்டாமல் அதட்டுவார். எந்தப் பறவை எங்கே பிறந்தது, எங்கே போனது, யாரோடு சேர்ந்தது எல்லாம் அந்த வளையத்தை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

எலி, முள்ளெலிக்குப் பெட்டிப் பொறி வைப்போம். அதற்குள் கோழி முட்டைதான் இரை. எங்கள் வீட்டில் முட்டை வாங்கிப் பழக்கமில்லை. முதல் முறை அட்டையோடு வாங்கிவந்தபோது பத்மா சமையலறைக் கதவிலேயே மறித்தாள்.

"ஏன்னா, இது என்னது?"

"எலிக்கு."

"எலிக்குன்னா வெளியிலயே இருக்கட்டும். இதைக் கொண்டு உள்ள வராதேங்கோ."

கார் நிற்கும் கொட்டகையில் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்றும் அந்த அட்டை இருக்கிறது. பத்மாவுக்கு இந்த வேலையில் பெரிய ஈடுபாடு கிடையாது. "காலேல எழுந்து காக்காவுக்குச் சாதம் வெச்சாத் தீர்ந்துது. அதுக்கு எதுக்குக் கயிறு, கம்பு, போலீஸ்?" என்பாள்.

அவள் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே காக்கையே கிடையாது.

4

ஜெசிந்தாவுக்கும் நஸ்ரினுக்கும் கனு என்றால் தெரியாமல் இருக்கலாம். பொங்கலுக்கு மறுநாள் விடிகாலை, எங்கள் பக்கத்துப் பெண்கள் குளிப்பதற்கு முன்பு, முதல்நாள் சாதத்தை மஞ்சளாக, சிவப்பாக, வெள்ளையாகக் கலந்து சின்னச் சின்னப் பிடியாக உருட்டி, இலையில் வரிசையாக வெளியில் வைப்பார்கள். சர்க்கரைப் பொங்கலும் இருக்கும். காக்கையும் குருவியும் வந்து சாப்பிட வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இது. ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையிலும் மொட்டை மாடியிலும் அன்றைக்குக் காக்கைக்குத்தான் பண்டிகை. ஒரு விஷயம் முக்கியம். வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது.

பத்மாவுக்கு ரங்கன் என்று ஒரே தம்பி, ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான். இங்கே வந்த பிறகு அவள் வீட்டுப் பின்பக்கம்தான் பிடி வைப்பாள். ஒரு வருஷம் அத்தனையையும் பக்கத்து வீட்டுப் பூனை தின்றுவிட்டது. அந்த வருஷம் ரங்கனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். பத்மாவைப் பொறுத்தவரை உண்டு.

போன வருஷம் கனுவுக்கு முந்தின நாள் அவள் சொன்னாள். "நாளைக்குக் கடற்கரைக்குப் போலாம்னா. அங்க நெஜமாவே பட்சி இருக்கே."

கோதை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அங்க ஃபீட் பண்ணக் கூடாதும்மா."

"பட்சிக்குச் சாதம் வெக்கறது ஒரு தப்பாடி?"

"தப்புதான். போர்டுலயே போட்டிருக்கு."

"வருஷத்துல ஒரு நாள். உன் கயிறுகிட்டயே வரலை. கார் நிறுத்தற எடத்துக்கு அந்தண்டை வெச்சுட்டு வந்துடறேன். நீயும் முகுந்துக்கு வெக்கணும். அவனுக்கு இருக்கறது ஒரு அக்கா."

கோதை என்னைப் பார்த்தாள். நான் பத்மாவைப் பார்த்தேன். கார் நிறுத்தும் இடம் கயிற்றிலிருந்து நல்ல தூரம்தான் என்று சொன்னேன். தூரம்தான், அதில் பொய்யில்லை.

அந்தச் சமயம் மணல்திட்டில் ஒரு ஜோடிக்கு இரண்டு குஞ்சுகள் இருந்தன. முதலில் இட்ட முட்டைகளைக் கடல் ஏறி அடித்துக்கொண்டு போய்விட்டது. இது இரண்டாம் முறை. குஞ்சு பார்க்கப் பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சியில் கால் வைத்தது போல இருக்கும். பறக்க வருவதற்கு ஒன்றரை மாதம் போல ஆகும், அதுவரை ஓட மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் அங்கே பொரித்தவற்றில் மிஞ்சியவை அந்த இரண்டுதான். பறக்கும் வரை அவை பிழைக்க வேண்டும், பிழைத்தால் வளையம் போடும்போது குஞ்சைப் பிடித்துக்கொள்ள விடுகிறேன் என்று கோதையிடம் மார்கரெட் சொல்லியிருந்தார். இங்கே ஜனவரியில்தான் கோடை விடுமுறை, அவளுக்கு அதில் வேறு பேச்சே இல்லை. பள்ளித் தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால்கூட, தண்ணீர் எப்போது வடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

விடிந்ததும் போனோம். முகுந்த் காரில் தூங்கிக்கொண்டிருந்தான். இந்தியக் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலையை விரித்து, பத்மா ரங்கன் பெயரைச் சொல்லி வைத்தாள். கோதை குனிந்து, தம்பிக்காக மளமளவென்று வைத்துவிட்டு எழுந்தாள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வரிசை. அந்த மணலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு கடற்காகம் வந்தது. பெயரில்தான் காகம், வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, நம் ஊர் சேவல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையை மேலே தூக்கிக் கத்தியது. அவ்வளவுதான், எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் ஒரு கூட்டம் இறங்கியது. பத்மாவுக்குச் சந்தோஷம். "பாருங்கோ, எவ்வளவு வந்திருக்கு! ரங்கனுக்கு இந்த வருஷம் ஒரு கொறையும் இருக்காது" என்றாள்.

இலைக்கு முண்டியடிக்க முடியாத பறவைகள் பக்கவாட்டில் பரவின. சில ஓடை ஓரமாக நடக்க ஆரம்பித்தன. அது கயிறு கட்டிய பக்கம். தண்ணீர் வடிந்திருந்ததால் குஞ்சுகள் அந்த ஈர மணலில் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. தாய்ப் பறவை சிறகு ஒடிந்தது போல இழுத்து இழுத்து நடந்து காட்டியது. குஞ்சைவிட்டுத் தன்னைத் துரத்தட்டும் என்று அது செய்கிற நடிப்பு. நாய் ஏமாறும். கடற்காகம் ஏமாறவில்லை.

கோதை இலையை நோக்கி ஓடினாள். பறவைகளுக்கு நடுவே முழங்கால் போட்டு, மீதியிருந்த பிடிகளை இரண்டு கையாலும் வாரித் தன் தொப்பியில் போட்டாள்.

"வெச்சதை எடுக்காதேடி! கோதே, எடுக்காதே! ரங்கனுக்கு வெச்சதுடி அது!" பத்மா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

கோதை காதில் வாங்கவில்லை. இலையைச் சுருட்டிக்கொண்டு கார் பக்கம் ஓடினாள், கூட்டம் அவள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே வந்தது. காரைத் திறந்து தொப்பியை உள்ளே எறிந்து கதவைச் சாத்தினாள். ஆனால் ஓடைப் பக்கம் போனவற்றில் ஒன்று திரும்பவில்லை. அது ஒரு குஞ்சை எடுத்தது. நான் பார்த்தேன், கோதையும் பார்த்தாள். விழுங்குவதற்கு அதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

 வீடு வரும் வழியில் முகுந்த் விழித்து, "ஏன் காரெல்லாம் பொங்கல்?" என்று கேட்டான்.

5

கோதை குளித்துவிட்டுத் திரும்பவும் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மார்கரெட் வந்திருந்தார். மணலில் சிவப்புச் சோற்றைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"இது யார் வேலை?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் வார்த்தை தேடுவதற்குள் கோதை சொன்னாள். "நாங்கதான்."

"எதற்கு?"

கனுவை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அவள் கொஞ்சம் யோசித்து, "என் தம்பிக்காக" என்றாள். மார்கரெட்டுக்குப் புரியவில்லை, ஆனால் மேலே கேட்கவில்லை. ஒரு குஞ்சு மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது.

"ஒரு தரம் சாப்பாடு கிடைத்த இடத்துக்கு அவை நாளைக்கும் வரும். நாளன்றைக்கும் வரும். காலையில் யாராவது நிற்க வேண்டும்," என்றார். "யார் நிற்பது?"

எனக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். கோதை தனியாக நிற்க விதி விடாது. "என் அம்மா வருவாள்" என்றாள் கோதை, அம்மாவைக் கேட்காமலே. அம்மாவுக்குப் போலீஸ் சான்று வாங்கவில்லையே என்று நான் இழுத்தேன். "கடற்கரையில் ஒரு பெண் குடை பிடித்து நிற்பதற்கு எந்தப் போலீஸும் சான்று கேட்காது," என்றார் மார்கரெட்.

பத்மா மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. ஆனால் உங்கள் டீச்சரிடம் போனில் தெளிவாகச் சொன்னாள். "நான் வெச்சது தப்பில்லை. இவ எடுத்ததுதான் தப்பு. அது வேற, இது வேற. அந்தப் பட்சிக்காகப் போறேன்."

மறுநாளிலிருந்து அம்மாவும் பெண்ணும் காலையில் நடந்தே போனார்கள். ஒருத்தி ஓடை முனையில், இன்னொருத்தி மறுமுனையில். நடுவில் அந்த ஒற்றைக் குஞ்சு. இருவருக்கும் பேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட வா என்பதைக்கூட முகுந்த் வழியாகச் சொல்லி அனுப்பினாள் பத்மா. கடற்காகம் இறங்கினால் குடையைப் பட்டென்று விரித்து, "போ அந்தண்டை! மூதேவி, போ!" என்று ஓடுவாளாம். இங்கிலீஷ் பேசக் கூச்சப்பட்டுக் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள், நாயோடு வந்த ஒரு ஆஜானுபாகுவான மனிதரை, "நோ டாக். பேபி," என்று குடையை நீட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று மார்கரெட் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. ரங்கன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பத்மா போனைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தாள்.  பூஜை அலமாரி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கொட்டகையில் கார் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். கோதை வந்து நின்றாள். என் பிள்ளைகள் வீட்டில் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், நாங்கள் தமிழில் கேட்போம், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். இதுவரை அவர்கள் பேசியதாக எழுதியதெல்லாம் நான் தமிழாக்கியது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நான் எழுதும் இந்தக் குறிப்பை நீங்கள் வாசிப்பீர்கள், அவர்களால் வாசிக்க முடியாது. அன்றைக்குக் கோதை தமிழில் கேட்டாள்.

"ரங்கன் மாமாக்கு அடி பட்டது என்னாலயாப்பா?"

"சேச்சே, இல்லைம்மா."

"அம்மா அப்படித்தான் நெனைக்கறா."

"அம்மா ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாம இருக்காளே, அதான்."

 படித்தவனாக இருந்தால் ஏதாவது எடுத்துச் சொல்லியிருப்பேன். "மாமாவையே கேளு" என்று போனைப் போட்டுக் கொடுத்தேன்.

ரங்கன் எடுத்தான். கோதை ஒரே மூச்சில், இங்கிலீஷும் தமிழுமாக, இலை, சோறு, கடற்காகம், தொப்பி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "நான் எடுத்திருக்கக் கூடாதா மாமா?" என்றாள்.

 அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அடி அசடே! எங்க தெருவுல ஒருத்தன் குழி தோண்டிட்டு மூடாமப் போயிட்டான். நான் போய் விழுந்தேன். குழி தோண்டினவனுக்கு உன் தொப்பியத் தெரியுமா, கடல் பட்சியத் தெரியுமா?"

"ஆனா அம்மா..."

"உங்கம்மாகிட்டச் சொல்லிடாதே, நான் கண்ணாடி போட்டுக்காம ஓட்டினேன். டாக்டர் மாத்திக் குடுத்த கண்ணாடி அலமாரில தூங்கறது. கனு என்னைக் காப்பாத்தும், சரி. கண்ணாடிய யார் போட்டுக்கறது?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பத்மா கொட்டகை வாசலில் வந்து நின்றதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"ஏண்டா, கண்ணாடி போட்டுக்காமயா ஓட்டினே?" என்றாள்.

ரங்கன், "அக்கா, சார்ஜ் தீரப் போறது," என்று வைத்துவிட்டான்.

பத்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, கோதையோடும் பேசவில்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி உடனே ஆகவில்லை. மறுநாளும் இருவரும் அவரவர் முனையில்தான் நின்றார்கள்.

ஒரு நாள் காலையில் குஞ்சைக் காணவில்லை. தாய்ப் பறவை மட்டும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. கோதை தொலைநோக்கியை மணல் முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போய்விட்டது என்று முடிவு செய்து அதைக் கீழே இறக்கியபோது பத்மா கிட்டே வந்தாள்.

"அதோ பார். அந்தக் கட்டை ஓரமா, பாசிக்குப் பின்னாடி. அசையாம உக்காந்திருக்கு."

பல நாள் கழித்து அவள் கோதையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கோதை பார்த்தாள். இருந்தது.

6

அது பிழைத்தது. பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, வளையம் போட உரிமம் உள்ள ஒருவர் வந்தார். குஞ்சு என்று இனிச் சொல்ல முடியாது, இறகு முளைத்துப் பறக்கத் தயாராக இருந்தது. மார்கரெட் சொன்ன சொல்லை மாற்றவில்லை. கோதைதான் பிடித்துக்கொண்டாள். பத்மா கயிற்றுக்கு வெளியே குடையோடு நின்றாள். உள்ளே வரக் கூப்பிட்டதற்கு, "எனக்குத்தான் போலீஸ் பேப்பர் இல்லையே" என்றாள். அடுத்த வாரம் அது பறந்தது. குளிர்காலத்தில் தெற்கே வேறொரு கடற்கரையில் அதே வளையங்களோடு நிற்பதை யாரோ பார்த்து எழுதியிருந்தார்கள். அங்கே என்ன செய்தது என்று கேட்டேன். "நிற்கிறது. ஓடுகிறது. நிற்கிறது," என்றாள் கோதை.

இந்த வருஷம் பொங்கலன்று உங்களோடு பேசி முடித்த பிறகு பத்மா மறுநாள் கனுவுக்குச் சாதம் எடுத்துவைத்தாள். எங்கே வைக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கார்ச் சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அவள் கோதையின் அறை வாசலில் போய் நின்றாள். "நாளைக்கு எங்க வெக்கணும்னு நீயே சொல்லு."

 கோதை பின்பக்கம் போனாள், துணி உலர்த்தும் கம்பியைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், எவ்வளவு தூரத்தில் என்ன மரம் என்று பார்த்தாள். கடற்கரையில் கம்பு நட இடம் பார்ப்பது போலவே பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக் காலையில் ஒரு மணி நேரம் உங்கள் பூனையை உள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தாள். கொட்டகைக்கு வெளியே இருக்கும் சிமென்ட் மேடையைக் காட்டினாள். "இங்க. ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சமா. தீர்ற வரைக்கும் நாம இங்கயே நிக்கணும்."

"நிக்கலாம்," என்றாள் பத்மா.

விடிந்ததும் பத்மா கோதையின் நெற்றியில் மஞ்சளால் ஒரு கீற்று இழுத்தாள். இருவரும் வைத்தார்கள். முகுந்த் தன் பெயர் சொல்லப்படுகிறதா என்று ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சிட்டுக்குருவிகள் வந்தன. அப்புறம் மைனாக்கள். நம் ஊர் மைனாதான், மஞ்சள் மூக்கு, மஞ்சள் கால்.

"இதெல்லாம் இங்க எப்படிடி?"

"நம்ம ஊர்லேர்ந்து யாரோ கொண்டுவந்து விட்டதும்மா. இங்க யாருக்கும் இதைப் பிடிக்காது. மத்த பறவையோட முட்டைய எடுத்துடும்."

பத்மா மைனாவைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். சரணாலயத்தில் மைனாவைக் கண்டால் முதலில் கை தட்டி விரட்டுகிறவள் கோதைதான், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கோதை கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள். மைனாக்கள் மஞ்சளைத் தின்றன, சிவப்பைத் தின்றன, இலையைப் புரட்டிப் பார்த்தன. அவள் அசையவில்லை. எல்லாம் தீர்ந்து அவை வேலியைத் தாண்டிப் பறந்த பிறகு இலையைப் பத்மா எடுத்தாள். கோதை குழாயைத் திறந்து, ஒரு பருக்கைகூட மிச்சமில்லாமல் சிமென்ட்டைக் கழுவிவிட்டாள்.